கிளேஸைக் குறை சொல்வதற்கு முன் சூளை மூடியைப் பாருங்கள்

கிண்ணத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு பருக்கை. நகத்தால் தடவினால் இடறும். உரசுகல்லால் தேய்த்தால் பெயர்ந்து, அந்த இடத்தில் ஊசிமுனை அளவு குழி விழும். மின்சூளை வைத்து மட்பாண்டம் சுடுகிற எவருக்கும் இந்தப் பருக்கை புதிதல்ல. கண்டவுடன் பழி போய் விழுவது கிளேஸ் (பாண்டத்தின் மேல் கண்ணாடியாக உருகும் பூச்சு) வாளியின் மேல்: வடித்தது போதாது, தண்ணீர் சரியில்லை, தூள் பழையது. இன்னொரு தரம் வடித்து, இன்னொரு தரம் பூசி, அடுத்த சூட்டிலும் அதே பருக்கை.

வடிப்பதை விட்டுவிட்டு, பருக்கை எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். மேல்தட்டில் வைத்த சாமான்களில் மட்டும், அதுவும் வானத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும் என்றால் அது மூடியிலிருந்து உதிர்ந்த கல்தூள். கீழ்த்தட்டுகளிலும் இருந்து, பருக்கை கொஞ்சம் தட்டையாக, செதில்போல இருந்தால், மேலே இருந்த தட்டின் அடிப்பக்கத்திலிருந்து, கிளேஸ் ஒட்டாமல் இருக்கத் தட்டுக்குப் பூசுகிற பூச்சு கழன்றிருக்கிறது. யாரோ தட்டின் இரண்டு பக்கமும் பூசியிருப்பார்கள். கபிலப் புள்ளி என்றால் கறள் அல்லது செம்மண் தூசி. கிளேஸே காரணம் என்றால் புள்ளி மேல், கீழ், பக்கவாட்டு என்று பார்க்காமல் எல்லா இடமும் பரவியிருக்கும். ஒரே வாளியில் தோய்த்த எல்லாவற்றிலும் இருக்கும்.

சூளையின் உட்சுவரும் மூடியும் இலேசான காப்புக்கல். பொதுவாக 23ஆம் தரக் கல். 1260 பாகை செல்சியஸ் வரை தாங்கும். பாணைப் போல துளை நிறைந்தது, நகம் பட்டாலே உதிரும். சூட்டை உள்ளே பிடித்து வைப்பது அந்தத் துளைகள்தான், ஆகவே உதிர்வதைக் குற்றமாக எடுக்கவும் முடியாது. ஒவ்வொரு சூட்டிலும் மூடி விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது, அடிமுகம் மெல்ல மெல்லப் பொடியாகிறது. அந்தப் பொடி எப்போது விழுகிறது என்பதுதான் கேள்வி. அடுக்கி முடித்து மூடியைப் பொத்தென்று போட்டால் அப்போதே விழும்.

துப்புரவு செய்யும் ஒழுங்கு இது. சூளைக்கு வரும் கரண்டை அறுக்கிற ஐசொலேற்றர் சுவிட்சை நிறுத்துங்கள், சூட்டை நடத்தும் கொன்ரோலரில் மட்டும் நிறுத்தினால் போதாது. மூக்குக்கு என்95 முகமூடி. கல்தூளில் சிலிக்கா இருக்கிறது, துணி கட்டினால் அது நிற்காது. வெறுஞ்சூளையின் மூடியை ஒருதரம் மூடித் திறவுங்கள். கழலத் தயாராக இருக்கிற துகள்களெல்லாம் சாமான் இல்லாத நேரத்தில் விழட்டும். பிறகு இரண்டு அங்குலப் பெயின்ற் பிரஷ், நரம்பு மெல்லியதாக. மூடியின் அடிமுகம், மூடி குந்துகிற விளிம்பு, எலிமென்ற் (சூடாக்கும் கம்பிச்சுருள்) கிடக்கும் பள்ளங்கள், கடைசியாகத் தரை: மேலிருந்து கீழ். தூசி உறிஞ்சி இருந்தால் அதன் பிரஷ் வாயால் இதே வரிசையில் போங்கள். பள்ளங்களை விட்டுவிடாதீர்கள்; அங்கே தங்கிய கிளேஸ் துணுக்கு ஒன்று போதும் எலிமென்றைத் தின்ன.

தும்புத்தடி வேண்டாம், கல்முகத்தைக் கிழித்துவிடும். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், அது விட்டுப்போகும் இரும்புத் துணுக்கு அடுத்த வெள்ளைக் கிளேஸில் கபிலப் பொட்டாக வரும். கொம்பிரசரால் ஊதுவது எல்லாவற்றிலும் மோசம். தூசி வெளியே போனமாதிரித் தெரியும். பாதி பள்ளத்துக்குள்ளும் மீதி உங்கள் நெஞ்சுக்குள்ளும் போயிருக்கும். ஈரத்துணி தட்டுக்கும் வெளித் தகரத்துக்கும் சரி, கல்லுக்குச் சரிவராது.

மூடியில் மயிரளவு வெடிப்பு ஓடியிருந்தால் பதறத் தேவையில்லை. ஒவ்வொரு மூடியிலும் வரும், சூடேறும்போது பொருந்திக்கொள்ளும். அதற்குள் சீமெந்து அப்புவதுதான் நான் பார்க்கும் மிகச் சாதாரணமான தவறு. அப்பியது கல்லோடு சேர்ந்து விரியாது. இரண்டாம் மூன்றாம் சூட்டில் தகடாகப் பெயர்ந்து, தூளாக விழவேண்டியது கட்டியாக விழும். மூடி தொடர்ந்து பொடி கொட்டினால், சூளைக்கென்று விற்கிற பூச்சைத் தண்ணீர்போலக் கரைத்து அடிமுகத்தில் ஒரு கை மட்டும் தடவலாம். தடிப்பாகப் பூசினால் பழைய கதைதான். மூடியைச் சுற்றியிருக்கும் உருக்குப் பட்டியின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று சூளை ஆறியிருக்கும்போது பார்த்து, கைக்கு இறுகும் அளவுக்கு மட்டும் திருகுங்கள்.

இனிச் செம்மண். கோடையில் சோளகம் எழும்பினால் கிறவல் வீதியோரத்து வீடுகளில் மேசை, கட்டில், சோற்றுக்கோப்பை எல்லாம் சிவக்கும். அந்தச் சிவப்பு இரும்பொட்சைட்டுத்தான், கபிலக் கிளேஸுக்கு நிறம் கொடுக்கப் போடுகிற அதே பொருள். பூசிய சாமானை இரவு முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் காலையில் அடுக்கினால், புள்ளி போட்ட கிளேஸைக் காசில்லாமல் வாங்கியதாக நினைத்துக்கொள்ளலாம். பழைய பெட்சீற்றால் மூடுங்கள். ஆறிய சூளைக்கும் ஒரு துணி போடுங்கள், பார்வைத் துளைகளின் அடைப்பான்களைச் செருகியே வையுங்கள். இல்லாவிட்டால் குளவி அதற்குள் மண்வீடு கட்டும். அது சூட்டில் வெந்து உடைந்து எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை. அதே கொட்டிலில் இரும்பு வெட்டுகிற வேலை நடந்தால் சூளையை வேறிடத்துக்கு மாற்றுவதுதான் வழி.

கறுப்புச் செதில் ஒரே இடத்துச் சாமானில் திரும்பத் திரும்ப விழுந்தால் அதற்கு நேர் மேலே பாருங்கள். பெரும்பாலும் சூளையின் வெப்பநிலையை அளக்கும் தேர்மோகப்பிளின் உலோக உறை அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த உறை சூட்டில் பொருக்கு விடும். பீங்கான் உறையாக மாற்றுங்கள், அல்லது அதன் கீழே ஒன்றும் வைக்காதீர்கள்.

தட்டுப் பூச்சுக்கு அலுமினா ஐதரேற்றும் வெள்ளைக் களியான கயோலினும் நிறைக்குச் சமமாக. 500 கிராமும் 500 கிராமும் எடுத்தால் ஒரு சிறிய சூளையின் தட்டுகளுக்குப் பலதரம் வரும். தூளைத் தண்ணீரில் போட்டு ஊறவிட்டு, பாலாடைப் பதத்தில் கரைத்து வடியுங்கள். தட்டின் மேல்முகத்தில் மட்டும் மெல்லியதாக மூன்று கை, ஒவ்வொன்றும் முந்திய கைக்குக் குறுக்கே. விளிம்பில் ஒரு சென்ரிமீற்றர் வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்து செதில் கழன்று கீழ்த்தட்டுக் கிண்ணத்துக்குள் போகும். பூச்சு காயும்போது வெடித்தால் கயோலினில் பாதியை முதலில் வறுத்து, அதாவது ஒரு பிஸ்க் சூட்டில் (கிளேஸ் பூசமுன் சாமானைச் சுடும் முதற் சூடு) வைத்து எடுத்துப் பயன்படுத்துங்கள். இலங்கைக் கயோலின் பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடையிலும் படிந்திருப்பது. இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும். ஆற்றுமணலைத் தூவிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. மணல் சிலிக்கா, கிளேஸ் சொட்டினால் அதோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகும், தட்டை நகர்த்தும்போது உருண்டு கீழே போகும்.

கிளேஸ் சொட்டிய இடத்தை உளியைப் படுக்கவைத்து மெல்லத் தட்டி எடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. நிமிர்த்திக் குத்தினால் தட்டில் குழி. எடுத்த இடத்தில் மட்டும் மறுபடி பூசினால் போதும். வளைந்த தட்டைத் திருப்பிப் போட நினைத்தால் பழைய முகத்துப் பூச்சை முழுக்கச் சுரண்டிய பிறகு திருப்புங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று முட்டு, மேல்முட்டு கீழ்முட்டுக்கு நேர் மேலே. அடித்தட்டைச் சூளைத் தரையில் வைக்காமல் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தூக்கி வையுங்கள். எலிமென்றுக்கும் சாமானுக்கும் இடையே இரண்டரை சென்ரிமீற்றர் இருக்கட்டும்.

கிளேஸ் சுவர்க்கல்லில் தெறித்திருந்தால் அதை அப்படியே விடக்கூடாது. ஒவ்வொரு சூட்டிலும் அது மறுபடி உருகி உள்ளே உள்ளே தின்னும். கரண்டியால் நல்ல கல் தெரியுமட்டும் தோண்டி எடுத்துவிட்டு, குழி பெரிதென்றால் உடைந்த காப்புக்கல்லைச் செதுக்கி ஆப்பாகச் செருகுங்கள்.

எலிமென்றுகளுக்கு வருவோம். இப்போதைய சூளைகளில் பெரும்பாலும் கந்தல் ஏ1 (Kanthal A1) என்ற வகை: இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கம்பி. சூடேறும்போது அதன் மேல் அலுமினா ஒட்சைட்டுத் தோல் ஒன்று உண்டாகிறது. கம்பியைக் காப்பது அந்தத் தோல். அதனால் புது எலிமென்ற் போட்டவுடன் கிளேஸ் சாமான் அடுக்கக் கூடாது. வெறுஞ்சூளையாக, அடைப்பான்களைக் கழற்றிவைத்து, மெதுவாக 1050 பாகை வரை ஏற்றி ஒரு மணித்தியாலம் பிடியுங்கள். தோல் கட்டியபின் தான் வேலை.

சூடு கண்ட கம்பி ஆறியபின் அப்பளம்போல ஒடியும். பள்ளத்திலிருந்து வெளியே தொங்குகிற சுருளைக் குளிரில் குறட்டால் தள்ளியவர்கள் ஒடித்திருக்கிறார்கள், நூற்றுக்கு நூறு. மங்கற் சிவப்பு வருமட்டும் சூளையைப் போட்டு, ஐசொலேற்றரை நிறுத்தி, பிளக் இருந்தால் அதையும் கழற்றி, சிவப்பு மறைவதற்குள் நீள்மூக்குக் குறட்டால் உள்ளே அமர்த்துங்கள். கரண்ட் போய்க்கொண்டிருக்கும்போது குறட்டை உள்ளே விடுவது தற்கொலை.

எலிமென்றின் மின்தடையை அளக்கும் பழக்கம் இங்கே அரிது. அது தேவை, ஏனென்றால் பழைய கம்பி அறுந்து போவதற்கு நெடுநாள் முன்பே கிளேஸைக் கெடுக்கத் தொடங்கிவிடுகிறது. 230 வோல்ற்றில் 6 கிலோவாற் சூளை என்றால் 26 அம்பியர், மொத்தத் தடை 8.8 ஓம். கரண்டை முழுக்க நிறுத்திய பிறகு மல்ரிமீற்றரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று முட்டி வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை அளவிலிருந்து கழியுங்கள். எலிமென்ற் புதிதாக இருக்கும்போதே அளந்து சூளைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கு ஏறி 9.7 ஓம் ஆனால் மாற்றும் நேரம். மாற்றினால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் சூளையின் ஒரு பட்டை முந்தும், மற்றது பிந்தும். மேல்தட்டுக் கிளேஸ் வழிய, கீழ்த்தட்டு வறண்டு நிற்கும்.

வன்னியில் இதோடு வோல்ற்றேஜும் சேர்கிறது. ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசி வீடுகளில், பின்னேரம் பல்ப் மங்குவது எல்லோருக்கும் தெரியும். சூளையின் வலு வோல்ற்றேஜின் வர்க்கத்தோடு போகிறது. புது எலிமென்றும் 230 வோல்ற்றும் என்றால் 6,000 வாற். அதே எலிமென்றுக்கு 210 வோல்ற் வந்தால் 5,000. பழைய 9.7 ஓம் எலிமென்றுக்கு 230 வந்தால் 5,450. பழையதும் 210 உம் ஒன்றுசேர்ந்தால் 4,550: சூளையின் கால்வாசி காணாமற் போய்விட்டது. வீட்டுக்கும் கொட்டிலுக்கும் 40 மீற்றர் என்று 6 சதுர மில்லிமீற்றர்க் கம்பி இழுத்திருந்தால் அந்தக் கம்பியிலேயே ஏழு வோல்ற்றுக்கு மேல் போகும். 10 சதுர மில்லிமீற்றர் இழுத்தால் ஐந்துக்குள் நிற்கும்.

சக்தி குறைந்தால் கிளேஸ் வேகாமல் போகும் என்று மட்டும் நினைக்க வேண்டாம், நேர்மாறாகவும் நடக்கும். கிளேஸ் பார்ப்பது வெப்பநிலையை மட்டுமல்ல, அங்கே இருந்த நேரத்தையும்தான். ஓட்டன் கம்பனியின் 6ஆம் கோன் (கண்ட சூட்டைக் காட்ட வளையும் சிறிய கூம்பு) கடைசிக் கட்டத்தில் மணிக்கு 150 பாகை ஏறினால் 1243 இல் வளையும். மணிக்கு 60 பாகை என்றால் 1222 இலேயே வளைந்துவிடும். கொன்ரோலரில் 1240 என்று போட்டு, பழைய எலிமென்றும் குறைந்த வோல்ற்றேஜும் சேர்ந்து கடைசி நூறு பாகையை இழு இழு என்று இழுத்தால், கொன்ரோலர் தன் எண்ணில்தான் நிற்கும். அதற்குள் கிளேஸ் வழிந்து தட்டில் ஒட்டியிருக்கும். போன மாதம்வரை நன்றாக இருந்த கிளேஸ் திடீரென்று ஓடினால் முதலில் மீற்றரை எடுங்கள்.

மின்கட்டணத்தில் உச்சநேரம் என்று கணக்கெடுப்பது பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை. அந்த நேரத்தில் கீழ்ச்சூட்டை நடத்தி, 600 பாகைக்கு மேலே ஏறும் பகுதி 10.30க்குப் பின் விழும்படி சூளையைத் தொடங்குங்கள். அதுவும் சரிவராவிட்டால் கிலாம்ப் மீற்றரால் அம்பியரை அளந்து, எத்தனை மணிக்கு எவ்வளவு என்று கொப்பியில் எழுதிப் பார்த்தால் உங்கள் லைனின் குணம் தெரியவரும்.

தேர்மோகப்பிளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. கே வகை ஓராண்டு ஈராண்டில் மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும். ஒவ்வொரு கிளேஸ் சூட்டிலும் மேலும் கீழும் நடுவிலும் ஒவ்வொரு கோன் வையுங்கள். செலவு சாமான் ஒன்று கெடுவதைவிடக் குறைவு. புதிதாக மாற்றும்போது நிறத்தைப் பார்த்து இணைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பியக் கம்பியில் பச்சை நேர், வெள்ளை மறை. அமெரிக்கக் கம்பியில் மஞ்சள் நேர், சிவப்பு மறை. சிவப்பைக் கண்டால் நேர் என்று கை தானாகப் போகும். மாற்றி இணைத்தால் சூளை ஏற ஏற எண் இறங்கும்.

உப்பு எலிமென்றின் எமன். நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் களப்போரத்து மண்ணைச் சேர்த்துப் பிசைந்தால் காய்ந்த சாமானின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். அந்த உப்பின் குளோரைட்டு சூட்டில் ஆவியாகி அலுமினாத் தோலை அரிக்கும். பூத்த மண்ணைக் கழுவிப் படியவிட்டு மேல்நீரை ஊற்றுங்கள், அல்லது ஒதுக்குங்கள். கிளேஸ் கரைக்கவும் உவர்க் கிணற்றுத் தண்ணீரை விட்டு மழைநீரைப் பிடித்து வையுங்கள். குளத்துக் களியில் இருப்பது வேறு சங்கடம்: அழுகிய இலைதழை. பிஸ்க் சூட்டில் 700 பாகை தாண்டும்வரை அடைப்பான்களைக் கழற்றி, மெதுவாக ஏற்றி, கரியை எரியவிடுங்கள். எரியாமல் தங்கிய கரி கிளேஸ் சூட்டில் வாயுவாக வெளியே வந்து ஊசித்துளை போடும். புகை எலிமென்றுக்கும் ஆகாது.

மாரி தொடங்கினால் காப்புக்கல் ஈரம் குடிக்கும். நெடுநாள் சும்மா இருந்த சூளையைக் கார்த்திகையில் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுவது இதனால்தான்; ஈரக்கல் வழியே கசிவது 30 மில்லி அம்பியர் சுவிட்சுக்குப் போதும். சுவிட்சைத் தாண்டி இணைப்புக் கொடுக்க ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மூடியைத் திறந்து வைத்து, உள்ளே 100 வாற் பழைய குண்டு பல்ப் ஒன்றை ஒரு பகலும் இரவும் எரியவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிறகு மூடியை ஒரு விரலிடை உயர்த்தி 100 பாகையில் இரண்டு மணித்தியாலம். அதன்பிறகும் விழுந்தால் வயரிங்கில் வேறு பிழை, மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். சூளையின் கால் சீமெந்துத் தரையில் நிற்கட்டும், சுவரிலிருந்து 45 சென்ரிமீற்றர் தள்ளி. கிடுகுக் கூரைக்குக் கீழே மின்சூளை வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கொன்ரோல் பெட்டியை இரண்டு மாதத்துக்கு ஒருதரம் திறவுங்கள். எலிமென்றுக்குக் கரண்டைப் போட்டு நிறுத்துகிற ரிலேயின் தொடுமுனைக்குள் எறும்பு புகுந்து வேகும், பல்லி முட்டையிடும். இணைப்புத் திருகுகளைச் சூளை ஆறியபின் இறுக்குங்கள். தளர்ந்த இணைப்பு தானே சூடேறி, வயரின் உறையைக் கபிலமாக்கி, கடைசியில் உருக்கும். நிறம் மாறிய வயரை நல்ல செம்பு தெரியுமட்டும் வெட்டிப் புது முனை போடுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் சூளை நிற்காது, ஏறிக்கொண்டே போகும். சூடு முடியும் நேரத்தில் ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இடையில் கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள், அடைப்பான்களைச் செருகுங்கள், நேரத்தையும் அப்போதைய வெப்பநிலையையும் கொப்பியில் எழுதுங்கள். 600 பாகைக்குக் கீழே என்றால் வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், ஒன்றும் கெடாது. உச்சியை நெருங்கியபின் போனால் கோனைப் பார்க்கவேண்டும். சூளைக்கென்று விற்கிற கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்வைத் துளையால் பாருங்கள். வளைந்துவிட்டிருந்தால் மறுபடி ஏற்றத் தேவையில்லை, ஆறவிடுங்கள். பாதி வளைந்து நின்றால் மணிக்கு 100 பாகைபோல ஏற்றி, கொன்ரோலரின் எண்ணுக்காகக் காத்திராமல் கோன் வளைந்ததும் நிறுத்துங்கள். முற்றாக ஆறிவிட்டிருந்தால் முழுச் சூட்டையும் புதிதாகத் தொடங்கலாம். இடியோடு போன கரண்ட் என்றால் ஐசொலேற்றரை நிறுத்திவைத்து, இடி ஓய்ந்த பிறகு போடுங்கள். ஆறும்போது 573 பாகையிலும் 226 பாகையிலும் சிலிக்கா அளவு மாறும், ஆகவே 200க்கு மேலே மூடியை உயர்த்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். 100க்குக் கீழே வந்தபின் திறக்கலாம். திறந்து கொஞ்ச நேரத்தில் டிங் டிங் என்று கேட்டால் அது கிளேஸில் மயிர்வெடிப்பு விழும் சத்தம். மூடியை மெல்ல இறக்கிவிட்டு நாளைக்கு வாருங்கள்.